போட்டோவில் இல்லாத அண்ணன்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக கொஞ்சம் சுருக்கி, சில இடங்களில் வரிசை மாத்தியிருக்கேன். பேச்சு நடையை முடிஞ்ச வரை அப்படியே விட்டிருக்கேன்.)

எப்பவும் ஏதாவது டெக் விஷயத்தோட வருவேன். இன்னைக்கு ஒரு போட்டோவோட வந்திருக்கேன். உங்களுக்குக் காட்டப் போறதில்ல, சொல்லப் போறேன். ஏன் காட்டலைன்னு கடைசில உங்களுக்கே புரியும்.

கறுப்பு வெள்ளைப் படம். பழைய இந்திய பாஸ்போர்ட் ஒண்ணுல ஒட்டியிருக்கு. ஒரு இளம் பெண், பக்கத்துல கணவர், மடியில கைக்குழந்தை. கணவர் போட்டிருக்கிற கோட் தோள்ல நிக்கவே இல்ல. ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டாம். மூணு பேரும் கேமராவைப் பார்க்கணும் இல்லையா? அந்தப் பொண்ணு மட்டும் கொஞ்சம் இடது பக்கம் பார்க்குது.

அந்தப் பொண்ணுக்கு இப்ப 70 வயசுக்கு மேல. என்கூட வேலை செய்யற ஃப்ரெண்டோட பாட்டி. கோத்தகிரி பக்கம் இருக்காங்க. போன வருஷம் லீவுக்கு அவங்க வீட்டுக்குப் போயிருந்தோம். பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து இதை எடுத்துக் காட்டினாங்க. நான் சும்மா ஒரு பேச்சுக்கு, "ஏனுங்க பாட்டி, கேமராவைப் பார்க்காம எங்க பார்த்தீங்க?"னு கேட்டேன்.

"அங்கிட்டு எங்கண்ணன் நிக்குது தம்பி. இந்தியா போற ஆளுக மட்டும் நில்லுங்கன்னு ஸ்டூடியோக்காரரு சொல்லிட்டாரு. அண்ணன் சிலோன்லயே இருக்கப் போற ஆளு. அதனால வெளக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டு அழுவுது. நான் அதைப் பார்க்கேன்."

அந்தப் படத்தை நான் அதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷமாவது பார்த்திருப்பேன். அண்ணன்னு ஒருத்தர் இருந்ததே எனக்குத் தெரியல. தெரியவும் வாய்ப்பில்ல, ஏன்னா அவர் படத்துலயே இல்ல.

இந்த எபிசோட்ல சொல்ல வர்றது இதுதான். துரத்தப்பட்டவங்க, இடம்பெயர்ந்தவங்க பத்தின படங்கள் நம்மகிட்ட நிறைய இருக்கு. ஆனா படம் காட்டுறது யாரோ நிக்கச் சொன்ன ஆளை மட்டும்தான். ஃபிரேமுக்கு வெளிய நின்னவரைப் பத்தி படத்துல இருக்கிறவங்க வாயைத் திறந்து சொன்னாதான் தெரியும்.

அந்தப் படம் ஏன் எடுக்கப்பட்டது?

கொஞ்சம் வரலாறு சொல்லிடறேன், இல்லாட்டி கதை பாதில நிக்கும்.

1820-கள்ல இருந்து சேலம், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து மக்களை இலங்கை மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முதல்ல காப்பி, அப்புறம் தேயிலை. நூறு வருஷத்துக்கு மேல அங்கயே பொறந்து, வேலை செஞ்சு, அங்கயே செத்தாங்க. 1948-ல இலங்கைக்கு சுதந்திரம் வந்துச்சு. அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டமும் வந்துச்சு. உங்க அப்பாவோ, தாத்தாவோ இலங்கைல பொறந்தாங்கன்னு நிரூபிக்கணும். தோட்டத்து லயத்துல பொறந்தவங்களுக்கு பிறப்புச் சான்றிதழ் எங்க இருந்து வரும்? ஏழு லட்சத்துக்கும் மேல மக்கள் ஒரே சட்டத்துல நாடில்லாதவங்க ஆனாங்க.

அப்புறம் 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். அதுல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல ஆளுக்குப் பாதியா, 75,000 வீதம் பிரிச்சுக்கிட்டாங்க. அந்த மக்கள்கிட்ட யாரும் உட்கார்ந்து கேட்டு முடிவெடுக்கல. நிறைய குடும்பத்துல அண்ணன் அங்க, தங்கச்சி இங்கன்னு பிரிஞ்சது இப்படித்தான்.

மலையகத்துல இருந்து தலைமன்னாருக்கு இவங்களை ஏத்திட்டுப் போன ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி'ன்னு பேரு. கோச்சின்னா அங்கத்துத் தமிழ்ல ரயில். தலைமன்னார்ல இருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்க இருந்து யாரை எங்க அனுப்பறாங்களோ அங்க. பாட்டி குடும்பத்தை நீலகிரிக்கு அனுப்பினாங்க. இப்படித் திரும்பி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968-ல தேயிலைத் தோட்டத் திட்டத்தை ஆரம்பிச்சது. அதுதான் இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், நம்ம கோவை மாவட்டத்துல வால்பாறை. வீக்எண்டுக்கு போய் நம்ம ரீல்ஸ் எடுக்கிற பச்சை மலையில பாதிக் கதை இது.

இந்தியா இவங்களுக்குக் குடுத்த பேரு 'தாயகம் திரும்பியோர்'. ஆனா பாட்டி பொறந்தது இலங்கைல. இந்த மண்ணை அவங்க முதல் தடவையா பார்த்ததே ராமேஸ்வரத்துல இறங்கினப்பத்தான். அங்க இருந்த வரைக்கும் 'இந்தியத் தமிழர்', இங்க வந்தப்புறம் 'சிலோன்காரங்க'. ரெண்டு ஊர்லயும் வெளியூர் ஆளு.

இப்ப அந்த பாஸ்போர்ட் படத்தை மறுபடி யோசிச்சுப் பாருங்க. அது ஞாபகத்துக்காக எடுத்த குடும்பப் படம் இல்ல. ஒரு குடும்பத்தை எந்த இடத்துல வெட்டணும்னு ரெண்டு அரசாங்கம் முடிவு பண்ணி, அந்த வெட்டுக்குச் சாட்சியா எடுத்த படம்.

பேர் இல்லாத முகங்கள்

நான் சாஃப்ட்வேர் ஆளு. எனக்கு இது மெட்டாடேட்டா பிரச்சனை மாதிரித்தான் தெரியுது. இமேஜ் ஒண்ணு, அதைப் பத்தின தகவல் ஒண்ணு. அந்தத் தகவலை யார் டைப் பண்றாங்களோ, அவங்க கையிலதான் படத்தோட அர்த்தம் இருக்கு.

இது இப்ப வந்த விஷயமும் இல்ல. சென்னை அருங்காட்சியகத்துல கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன் இதே நீலகிரிக்கு வந்து மக்களோட மூக்கையும் தலையையும் கருவி வெச்சு அளந்தார். 1909-ல 'தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும்'னு ஏழு தொகுதி வெளியிட்டார். அதுல நிறைய போட்டோ உண்டு. பல படத்துக்குக் கீழ சமூகத்தோட பேர் இருக்கும், அங்க நிக்கிற ஆளோட பேர் இருக்காது.

உலகத்துலயே பிரபலமான அகதி போட்டோ எதுன்னு கேட்டா பல பேர் அந்தப் பச்சைக் கண் ஆப்கன் சிறுமியைத்தான் சொல்வாங்க. 1984-ல பாகிஸ்தான்ல பெஷாவர் பக்கத்துல ஒரு அகதி முகாம்ல ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. 1985 ஜூன்ல நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டைல வந்துச்சு. கோடிக்கணக்கான பேர் அந்த முகத்தைப் பார்த்தாங்க. அவங்க பேர் ஷர்பத் குலான்னு உலகத்துக்குத் தெரிய வந்தது 2002-ல. அதாவது 17 வருஷம் அட்டைப்படமா இருந்தாங்க, ஆனா பேர் இல்ல. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. 2016-ல போலி அடையாள அட்டை வெச்சிருந்ததா பாகிஸ்தான்ல அவங்களைக் கைது பண்ணி, ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பினாங்க. உலகமே அடையாளம் கண்டுபிடிக்கிற முகம் அது. அந்த முகத்துக்கு ஒரு செல்லுபடியாகுற அட்டை கிடைக்கல.

இதைச் சொல்றப்ப எனக்கும் ஒரு குற்றவுணர்ச்சி இருக்கு. காலேஜ் மூணாவது வருஷம், புதுசா வாங்கின கேமராவோட மலைக்குப் போனேன். தேயிலை பறிச்சிட்டிருந்த ஒரு அம்மாவை க்ளோசப்ல எடுத்தேன். சிரிச்சாங்க. "எனக்கு ஒரு காப்பி குடுப்பீங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. கண்டிப்பாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். வறுமையிலும் புன்னகைங்கிற மாதிரி ஏதோ ஒரு வரியை எழுதி இன்ஸ்டால போட்டேன், நல்லா லைக் வந்துச்சு. காப்பி குடுக்கல. பேரும் கேட்டுக்கல. அவங்க சிலோன்ல இருந்து வந்தவங்களா, எதுக்குச் சிரிச்சாங்க, எதுவுமே தெரியாது. பாட்டி வீட்ல அந்த பாஸ்போர்ட்டைப் பார்த்த அன்னைக்கு ராத்திரி அந்த போஸ்ட்டை எடுத்துட்டேன். எடுத்துட்டா சரியாகிடுமா? ஆகாது.

கேமராவும் பேனாவும் கை மாறும்போது

இதையே வேற மாதிரி செஞ்சவங்க இருக்காங்க. நாலு உதாரணம் சொல்றேன்.

முதல்ல கிளிநொச்சி. 2017 பிப்ரவரி 20-ல காணாமல் ஆக்கப்பட்டவங்களோட அம்மாக்கள் அங்க கந்தசாமி கோயில் முன்னாடி தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்தாங்க. வவுனியா, முல்லைத்தீவுன்னு பரவுச்சு. அவங்க கையில இருக்கிறது போட்டோதான். பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெருசாக்கி லேமினேட் பண்ணினது, கல்யாணப் படத்துல இருந்து வெட்டினது. அடையாள அட்டைக்குன்னு எடுத்த அதே மாதிரிப் படத்தை அரசாங்கத்தோட முகத்துக்கு நேரா நீட்டி, "இவன் எங்கே?"ன்னு கேக்கறாங்க. படம் அதே படம்தான், ஆனா பிடிச்சிருக்கிற கை மாறிடுச்சு.

ரெண்டாவது, யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன். 2011-ல அவரோட 'முழுமையற்ற தோம்பு' ஆங்கிலத்துல ஒரு புத்தகமா வந்துச்சு. தோம்புன்னா டச்சுக்காரங்க காலத்து நிலப் பதிவேடு. போர்ல வீட்டை இழந்த 80 பேர்கிட்ட, உங்க வீட்டை ஞாபகத்துல இருந்து வரைஞ்சு குடுங்கன்னு கேட்டார். போட்டோவே இல்லாதவங்க எப்படிக் கதை சொல்றதுங்கிறதுக்கு இது ஒரு வழி. அவங்க கையால போட்ட கோட்டுப்படம், அதையே கட்டடக்கலை வரைபடமா மாத்தினது, கூடவே சனாதனன் வரைஞ்ச ஓவியம். கிணறு எங்க, சாமி ரூம் எங்கன்னு மனுஷங்க மறக்கறதில்ல.

மூணாவது, ரோஹிங்யா மக்கள். 1982-ல மியான்மர் கொண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவங்களை நாடில்லாதவங்க ஆக்குச்சு. கேக்கும்போது 1948 இலங்கை ஞாபகம் வருதில்ல? 2017 ஆகஸ்ட்ல இருந்து ஏழு லட்சத்துக்கும் மேல பங்களாதேஷுக்கு ஓடி வந்தாங்க. காக்ஸ் பஜார் முகாம்ல இருக்கிற சஹாத் ஸியா ஹீரோங்கிற ரோஹிங்யா இளைஞர் 'ரோஹிங்யாடோகிராஃபர்'னு ஒரு போட்டோ இதழை ஆரம்பிச்சார். எடுக்கிறவங்களும் அந்த முகாம்லயே வாழறவங்கதான். 2023-ல அவரும் இன்னும் மூணு ரோஹிங்யா கதைசொல்லிகளும் ஐ.நா. அகதிகள் அமைப்போட நான்சென் விருதை ஆசிய-பசிபிக் பகுதிக்காக வாங்கினாங்க.

நாலாவது நம்ம மதுரை பழனி குமார். மீன் விக்கிற அம்மாவோட பையன். கையால மலம் அள்ளும் வேலையில செத்தவங்களோட குடும்பங்களைப் பல வருஷமா படம் எடுத்தவர். 2022-ல தயானிதா சிங் - பாரி ஆவணப்பட விருது அவருக்குக் கிடைச்சுது. இவர் மீனவர் வீட்டுப் பசங்களுக்கும், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பசங்களுக்கும் கேமரா பிடிக்கக் கத்துக் குடுக்கிறார். விருதை விட எனக்கு இதுதான் பெருசா தெரியுது.

நம்ம ஊர்ல, இப்ப

இதெல்லாம் எங்கயோ நடக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க. காந்திபுரத்துல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல பூலுவப்பட்டி. அங்க ஒரு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. சத்தியமங்கலம் பக்கம் பவானிசாகர்ல இருக்கிறது மாநிலத்துலயே பெரிய முகாம்கள்ல ஒண்ணு. பவானிசாகர் அணையே 1948-ல ஆரம்பிச்சு 1955-ல முடிஞ்ச ஒரு இடப்பெயர்வுக் கதை. டணாய்க்கன் கோட்டை அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு. அணை வத்தினா பழைய கோயில் வெளிய தெரியும், அப்ப போட்டோ எடுக்க நம்மாளுங்க கூட்டமா போவாங்க. அணைக்கு அந்தப் பக்கம் தண்ணிக்குள்ள ஊர் போனவங்களோட கதை, இந்தப் பக்கம் தண்ணி தாண்டி வந்தவங்களோட கதை.

1983-ல இருந்து போருக்குப் பயந்து வந்தவங்களும், அவங்க பிள்ளைங்க பேரப்பிள்ளைங்களும் தமிழ்நாடு முழுக்க 100-க்கும் மேற்பட்ட முகாம்கள்ல இருக்காங்க. 2021-ல அரசு சொன்ன கணக்குப்படி முகாம்ல 58,000 பேருக்கு மேல. அந்த வருஷம் ஆகஸ்ட்ல 'அகதிகள் முகாம்'ங்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. 7,469 வீடு கட்டித் தர்றதாவும் அறிவிப்பு வந்துச்சு.

ஆனா குடியுரிமை? 2019-ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இலங்கை இல்ல. பல காலமா சட்டத்தோட கண்ணுல இவங்க 'சட்டவிரோதமா வந்தவங்க'. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு போட்ட உத்தரவு, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செஞ்சவங்களைத் தண்டனையில இருந்து விலக்கி வெச்சது. அதுக்கு மேல குடியுரிமை கிடைக்கல.

இங்கதான் நம்ம பாட்டி கதை வந்து ஒட்டுது. 1984-ல தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்னு போச்சு. இந்தியாவுக்கு வரணும்னு எழுதிக் குடுத்திருந்த மலையக மக்கள் பல பேரு அங்கயே மாட்டிக்கிட்டாங்க. அந்த வம்சாவளியில நிறைய பேரு பின்னாடி படகுல அகதியா வந்தாங்க. அப்படி வந்த 65 பேர் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனாங்க. 2019 ஜூன்ல நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவங்க குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்பு குடுத்தார். 1964 ஒப்பந்தத்தோட வழியில வந்த பாட்டி இந்தியக் குடிமகள். அதே மாதிரி லயத்துல பொறந்து, கப்பல் நின்னப்புறம் வந்தவர் அகதி. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது ஒரு தேதியும், ஒரு போட்டோ ஒட்டின தாளும் மட்டும்தான்.

பாஸ்போர்ட் இருந்தவங்களுக்கும் எல்லாம் தீர்ந்துடல. 2022-ல டான்டீயோட 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர உத்தரவு வந்தப்ப, லைன் வீட்ல இருக்கிறவங்களுக்கு வந்த முதல் கேள்வி, "மறுபடியுமா?"

நீங்க செய்யணும்னு நினைச்சா

கேக்கற பல பேர்கிட்ட நல்ல ஃபோன் இருக்கு, ஆர்வமும் இருக்கும். நான் தப்புப் பண்ணிக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

ஒண்ணு. புதுப் படம் எடுக்கிறதுக்கு முன்னாடி, பழைய படம் இருக்கான்னு கேளுங்க. ஒரு படத்தைக் கையில குடுத்துப் பேச வைக்கிறது ஒரு ஆய்வு முறையாவே இருக்கு. ஜான் காலியர்ங்கிற போட்டோகிராஃபர், மானுடவியல்காரர், 1957-லயே இதைப் பத்தி எழுதினார். வெறும் கேள்வி கேட்கிறதை விட படத்தோட கேட்டா பதில் துல்லியமா வருது, ஆளும் சோர்வில்லாம பேசறாங்கன்னார். என்கிட்ட பாட்டி பேசினதும் அப்படித்தான். "இலங்கைல என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டிருந்தா, "என்னத்தச் சொல்ல"ன்னு முடிச்சிருப்பாங்க.

ரெண்டு. "இந்தப் படத்துல யார் இருக்காங்க?"ன்னு கேட்டுட்டு நிறுத்தாதீங்க. "யார் இல்ல?"ன்னும் கேளுங்க. எடுத்தது யார், காசு குடுத்தது யார், எதுக்காக எடுத்தீங்கன்னு கேளுங்க.

மூணு. ஸ்கேன் பண்ணினா பின்பக்கத்தையும் பண்ணுங்க. ஸ்டூடியோ முத்திரை, தேதி, பென்சில்ல எழுதின பேர் எல்லாம் அங்கதான் இருக்கும். 600 டிபிஐ போதும். ஒரிஜினலை வீட்டுக்குக் கொண்டு போறேன்னு வாங்கவே வாங்காதீங்க. தொலைஞ்சா அவங்ககிட்ட வேற இல்ல.

நாலு, இது ரொம்ப முக்கியம். உங்க ஃபோன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா, எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் இடம் பதிவாகும். வாட்ஸ்அப்ல சாதாரணமா படமா அனுப்பினா அது போயிடும், டாக்குமெண்டா அனுப்பினா அப்படியே போகும். சட்டப் பாதுகாப்பு இல்லாத ஒருத்தரோட முகம், இடம், நேரம் மூணையும் சேர்த்து இன்டர்நெட்ல போடறது சின்ன விஷயம் இல்ல. முகாமுக்குள்ள போகவும் அதிகாரிகள்கிட்ட அனுமதி வேணும். அது இல்லாம நுழைஞ்சா, விசாரணை உங்களுக்கு வராது, அவங்களுக்குத்தான் வரும்.

அஞ்சு. சம்மதத்தை ஒரு தடவை வாங்கினா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. எடுக்கிறப்ப சரின்னவங்க, போடறப்ப வேண்டாம்பாங்க. அது அவங்க உரிமை. அப்புறம், காப்பி குடுக்கறேன்னு சொன்னா குடுங்க.

கடைசியா

பாட்டியோட அண்ணன்கிட்ட இருந்து 1983 வரைக்கும் கடுதாசி வந்துட்டு இருந்திருக்கு. அப்புறம் வரல. இவங்க போட்ட கடுதாசிக்கும் பதில் இல்ல. அண்ணனோட ஒரு போட்டோ கூட பாட்டிகிட்ட கிடையாது. அவங்ககிட்ட இருக்கிற ஒரே ஆதாரம், அந்த பாஸ்போர்ட் படத்துல கேமராவைப் பார்க்காத அவங்க கண்ணுதான்.

நாங்க அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி, பெருசா பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் மாட்டிக் குடுத்தோம். கீழ மூணு பேரோட பேரை டைப் பண்ணியிருந்தேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "அண்ணன் பேரையும் போடு தம்பி. அதும் அங்கதான நின்னுச்சு."

மறுபடி பிரிண்ட் போட்டோம். இப்ப அந்தச் சுவத்துல இருக்கிற படத்துல மூணு முகம், நாலு பேர். அந்தப் பேரை நான் இங்க சொல்லல, படத்தையும் போடல. அது அவங்க வீட்டுச் சுவத்துக்கு.

உங்க வீட்லயும் ஒரு பெட்டி இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போனா திறக்கச் சொல்லுங்க. பக்கத்துல உட்கார்ந்து, இதுல யார் இல்லன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே. வரட்டுங்களா.